பஞ்சும் பனியும்

பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கிற ஈரத்தையும் சொல்கிறோம், இமயமலையின் உச்சியில் கிடப்பதையும் சொல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு முதலாவது போதும். இரண்டாவதைச் சினிமாவில் பார்த்தால் உண்டு. ஈழத் தமிழருக்கு அந்தச் சௌகரியம் போய்விட்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருந்தபோது மீன்பிடிக்கிறவர்கள் கண்டு கரையேற்றினார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த மனிதர் டொராண்டோவில் இருட்டோடு எழுந்து, வேலைக்குப் போக வேண்டிய காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுக்கும்படி ஆயிற்று. பனி என்ற சொல் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. 'ஸ்னோ கொட்டுது' என்றுதான் சொல்கிறார்.

இந்தத் தோண்டியெடுக்கும் காரியத்தில், காரின் வர்ணத்தைக் காயப்படுத்தாமல் எடுப்பதுதான் வித்தை. அது ஏன் வித்தையாயிற்று என்று பார்க்கப் போனால் வர்ணத்தின் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

மோட்டார் பிறந்த நாளில் அதற்கென்று தனி வர்ணம் கிடையாது. குதிரை வண்டிக்கு அடித்த எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும் இதற்கும் அடித்தார்கள். ஒரு பூச்சுக் காய வேண்டும், நுரைக்கல்லால் தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக் கணக்காகும். போர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை தன் 'மாடல் டி' காரைக் கறுப்பிலேயே விற்றது.

பிறகு பஞ்சு வந்தது. ஷோன்பைன் என்ற ரசாயனப் பண்டிதர் பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் பதம் செய்து வெடிபஞ்சு ஆக்கினார், அது 1846-இல். முதல் உலக யுத்தத்தில் இந்தச் சரக்கை வைத்து வெடிமருந்து செய்து குவித்த அமெரிக்க டூபாண்ட் கம்பெனி, யுத்தம் ஓய்ந்ததும் அதையே வேறு பக்குவத்தில் கரைத்து 'டூகோ' என்ற வர்ணமாக்கிற்று. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிற டூகோவை அடித்து வெளியிட்டது. வாரக்கணக்கான வேலை சில நாட்களுக்குச் சுருங்கியது. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியது 1936-இல். நம் பக்கத்தில் பஞ்சைப் பெரிய அளவில் நூலாக்கத் தொடங்கிய அந்த நாளில், அங்கே பஞ்சு காரின் முதுகில் ஏறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

இப்போது பஞ்சும் இறங்கிவிட்டது. 1980-களிலிருந்து நிறத்துக்கு மேலே கண்ணாடி போல் ஒரு தெளிந்த பூச்சு அடிக்கிறார்கள். நாம் பார்க்கிற பளபளப்பெல்லாம் அதில்தான். அதன் கனமோ தலைமயிரைவிடக் குறைவு.

பனி அந்தப் பூச்சைக் கீறுமா? உறைநிலையில் ஐஸின் கடினம் மோஸ் அளவில் 1.5தான். மணலின் கடினம் 7. ஆகவே குற்றவாளி பனியல்ல, பனிக்குள் ஒளிந்திருக்கும் மண்துகள். இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் பனியையே காணாத ஒரு டிரைவர். திருவண்ணாமலை அடிவாரத்தில் - அருணாசலேசுவரர் இருக்கும் வடக்கத்தித் திருவண்ணாமலை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சீனிவாசப் பெருமாள் குன்றேறி நிற்கும் திருவண்ணாமலை - புரட்டாசிச் சனிக்கிழமையில் கார்கள் புழுதி பூசி நிற்கும். ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்துத் தம் காரைத் துடைக்கப் போனார். "அண்ணாச்சி, துண்டை வச்சுத் தேய்ச்சிராதிங்க. மண்ணு ஒட்டியிருக்குல்ல, அறுத்துப்புடும். மொதல்ல தண்ணிய ஊத்திருவோம்" என்று டிரைவர் ஓடி வந்து தடுத்தார்.

டொராண்டோவில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றியது அப்படியே உறையும். வெந்நீர் ஊற்றினாலோ குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். அதனால் மெத்தென்ற நுரை ரப்பர் தட்டால் பனியைத் தள்ளிவிடுகிறார்கள். அழுத்துவதில்லை, தேய்ப்பதில்லை. அடியில் ஒரு விரற்கடைப் பனியைத் தொடாமல் விட்டுவிட்டால் தட்டு வர்ணத்தை முட்டாது. மிச்சம் எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் தானே கரையும். மண்வெட்டி ஆகவே ஆகாது. சுரண்டி கண்ணாடிக்கு மட்டும்.

கீறினால் என்ன, வெறும் அழகுதானே என்று கேட்கலாம். அங்கே சாலையில் ஐஸ் கரைய உப்புக் கொட்டுகிறார்கள். நமக்குத் தூத்துக்குடியில் வெயில் காய்ச்சித் தருகிற அதே உப்புத்தான். அவர்கள் ஹூரான் ஏரிக்கு அடியில், கோடரிச் சுரங்கத்திலிருந்து 1959 முதல் வெட்டி எடுக்கிறார்கள். கீறல் தகடு வரைக்கும் இறங்கியிருந்தால் உப்பு நீர் அதற்குள் போய்த் துருவேற்றும். புதிதாகக் குடியேறி, பழைய கார் ஒன்றை வாங்கி, அதை நம்பி இரவு வேலைக்குப் போகிறவருக்குத் துரு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, வயிறு சம்பந்தப்பட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. 2016 ஜனவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பனிப்புயல் அடித்தபோது, நியூ ஜெர்ஸியில் ஒருவர் காரைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டிருந்தார். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு மனைவியும் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருந்தது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பித் தாயையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் வர்ணத்தின் பக்கம் போவதற்கு முன் காரின் பின்புறம் குனிந்து, கையாலேயே அந்தக் குழாயின் வாயைத் திறந்துவிடுகிறார்கள். சாவியைத் திருப்புவது அதற்கு அப்புறம்தான்.