தரங்கம்பாடி மணலும் தமிழ் எழுத்தும்

கடலைக் காணாத மைசூரில் வாழும் நமக்கும், சோழ நாட்டுக் கடற்கரைச் சிற்றூராகிய தரங்கம்பாடிக்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. 1779-ஆம் ஆண்டில், சென்னை ஆங்கிலேய ஆட்சியினர் அனுப்பிய தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து ஐதர் அலியைக் கண்டவர் சுவார்ட்சு பாதிரியார். அவர் 1750-இல் தமிழகம் வந்து, தம் பணியைத் தொடங்கிய ஊர் தரங்கம்பாடியே. அந்நினைவு உந்த, அவ்வூரைக் காண நாம் சென்றோம்.

மயிலாடுதுறையில் புகைவண்டியை விட்டிறங்கித் திருக்கடையூரைக் கடந்தால், அலையோசை நம்மை வரவேற்கிறது. டேனியர் 1792-இல் எழுப்பிய நகர வாயிலுள் நுழைந்து நேரே நடந்தால், இருமருங்கும் பழைய தேவாலயங்கள். வீதியின் முடிவில் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர் கட்டியது அது. அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே, 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலும் கரையிலேயே நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1845-இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். 2004-இல் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கிப் பல உயிர்களைப் பறித்தது. கல்லும் காசும் நிலையாமையை இங்கே கண்கூடாகக் கண்டோம்.

நிலைத்தது யாது? 1706 சூலை 9-ஆம் நாள் இக்கரையில் இறங்கிய ஜெர்மானிய இளைஞர் சீகன்பால்கு, ஒரு முதிய ஆசிரியரின் திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திற்கே வரவழைத்தார். சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். அச்சகம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியனவாய்த் தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715-இல் அந்நூல் நிறைவுற்றது. நான்கே ஆண்டுகளில் அவர் மறைந்தார். அவரே 1718-இல் எழுப்பிய புது எருசலேம் ஆலயத்தில் துயில்கின்றார். மணலில் தொடங்கிய எழுத்தோ அழியவில்லை.

மாலையில் அக்கரையில் அமர்ந்திருந்தபோது ஓர் எண்ணம் நம்மை வருத்தியது. நம் மக்கள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் நன்கு பயில்கின்றனர், அது வேண்டுவதே. ஆயினும், பாட்டியின் கடிதத்தைத் தாமே படிக்க இயலாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! கடல் கடந்து வந்த அயலார் ஒருவர் நம் எழுத்தைக் கற்கக் கூசவில்லை. நாமோ நம் மக்களுக்குக் கற்பிக்கச் சோர்கின்றோம்.

தட்டில் பரப்பிய மணலும், நாள்தோறும் அரைமணிப் பொழுதும் போதும். இன்றே தொடங்குவோமாக!