வீக் எண்டுக்கு ஓர் அரண்மனை

டில்லி, குர்காவ், நொய்டா பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை எங்கே?" சிம்லா, முசௌரி என்றால் பாதி லீவு ட்ராஃபிக்கிலேயே கரைந்துவிடும். ஆக்ராவை ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் காட்டிக் காட்டி நமக்கே கைடு வேலை பார்க்கும் தகுதி வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ராஜஸ்தான். அங்கே தங்குவதென்றால் கோட்டை, அரண்மனை, ஹவேலி.

எங்கள் வீட்டில் தங்கமணியின் உத்தரவு சுருக்கமானது. "ரூம் ஸ்டைலா இருக்கணும், பசங்களுக்கு நீச்சல் குளம் இருக்கணும், காலையில வாயில வைக்கிற மாதிரி காப்பி கிடைக்கணும்." மூன்றாவது எந்த மகாராஜாவாலும் ஆகாத காரியம். முதல் இரண்டுக்காக நெட்டில் தேட உட்கார்ந்தேன்.

தேடத் தேட ஒன்று உறுத்தியது. எல்லா ஹோட்டலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இன்ன நூற்றாண்டில் இன்ன ராஜா கட்டினார், இன்று நீங்களும் ராஜா மாதிரி தங்கலாம். சரி, நடுவில் என்ன ஆச்சு? ராஜா ஏன் வீட்டை வாடகைக்கு விட்டார்? அந்த நடுக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் பட்டது.

1947ல் சுதந்திரம் வந்தபோது ஐநூற்றுச் சொச்சம் சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றை இந்தியாவோடு சேர்க்கும்போது மன்னர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. அதுதான் மன்னர் மானியம். வருமான வரி கிடையாது, அரசியல் சாசனத்திலேயே உத்தரவாதம் வேறு. ஜெய்ப்பூருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய். குஜராத் பக்கம் கட்டோடியா என்ற குட்டி சமஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 192 ரூபாய்! மாசத்துக்கு 16 ரூபாய் வாங்கிய ராஜாவும் ராஜாதான்.

ஆனால் ராஜ்ஜியம் போய்விட்டது, அரண்மனை அப்படியே நின்றது. நூறு அறை, ஐந்நூறு வேலையாள் என்று கட்டியதை மானியத்தில் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான் சிங். அவருடைய ராம்பாக் அரண்மனையின் தொடக்கமே வேடிக்கையானது. 1835ல் இளவரசரின் செவிலித்தாய்க்காக ஊருக்கு வெளியே கட்டிய தோட்ட வீடு அது. பிறகு வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கும் இடமானது. 1925ல்தான் மகாராஜா அதைத் தன் வசிப்பிடமாக்கிக்கொண்டார். சுதந்திரத்துக்குப் பின் அவர் ராஜஸ்தானின் ராஜபிரமுகர், அதாவது கவர்னருக்குச் சமமான பதவி. 1956ல் அந்தப் பதவியை ஒழித்தார்கள். 1957ல் ராம்பாக் ஹோட்டலாகிவிட்டது. இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

உதய்பூரில் ஏரி நடுவே மிதப்பதுபோல் நிற்கும் ஜக் நிவாஸ் 1746ல் கட்டி முடித்தது. மகாராணா பகவத் சிங் 1963ல் அதை ஹோட்டலாக்கினார். (அங்கெல்லாம் ஒரு ராத்திரி வாடகை நம் மாதாந்திர வீட்டுக் கடன் தவணையோடு போட்டி போடும். படகில் போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவது உத்தமம்.)

அடுத்த அடி 1970ல். மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் மயிரிழையில் தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை இந்திரா காந்தி அரசு பறித்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தேர்தலில் பெரும் வெற்றி பெற்றுத் திரும்பி வந்து, 1971 டிசம்பரில் 26வது அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் கதையை முடித்தார் இந்திரா. ஏரி அரண்மனை 1971லும், ராம்பாக் 1972லும் தாஜ் குழுமத்தின் கைக்குப் போயின.

ஜோத்பூரின் உமைத் பவன் கதை இன்னும் விசித்திரம். பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்க என்று சொல்லி 1929ல் ஆரம்பித்தார்கள். 347 அறைகளோடு 1943ல் முடிந்தது. ஆறே வருடத்தில் ஜோத்பூர் ராஜஸ்தான் மாநிலத்தில் இணைந்தது. பஞ்சம் பிழைக்க வந்து கல் சுமந்தவர்களின் வியர்வையில் எழுந்த கட்டடம்; இன்று அதில் ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதி மியூசியம், மிச்சத்தில் அரச குடும்பம்.

பெரிய மகாராஜாக்களின் பாடே இப்படி. சின்ன ஜாகிர்தார்களுக்கு மானியமும் இல்லை. 1952ல் வந்த ராஜஸ்தான் சட்டம் ஜாகிர்களை அரசே எடுத்துக்கொள்ள வழி செய்தது. உழுதவனுக்கு அது விடுதலை. நில வருமானத்தில் வாழ்ந்த கோட்டைகளுக்கு மெல்ல மெல்ல இருட்டு. மண்டாவா, சமோத் என்று இன்று ஹோட்டல்களாக நாம் பார்க்கும் பல இடங்கள் அந்த இருட்டிலிருந்து இப்படித்தான் மீண்டன.

சரி, கடைசியில் நாங்கள் எங்கே போனோம்? நீம்ரானா. ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் டில்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். 1464ல் தொடங்கிய சௌகான்களின் கோட்டை. முன்பக்கச் சுவர் இடியத் தொடங்கியதும் 1947ல் ராஜா குடும்பம் வெளியேறிவிட்டது. நாற்பது வருடம் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 1986ல் அமன் நாத், பிரான்சிஸ் வாட்சியார்க் என்ற நண்பர்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து அதை வாங்கினார்கள். ஒருவர் எழுத்தாளர், மற்றவர் இந்தியாவிலேயே தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரர். 1991ல் சில அறைகளோடு திறந்து, வருமானம் வர வர இடிந்ததை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். அறைகளுக்கு ஆளுக்கொரு 'மஹால்' பெயர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுவதால் படிகள் ஏராளம். பெரியவர்களோடு போகிறவர்கள், அதிகம் ஏற வேண்டாத அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்களோடு வந்த அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊரு செட்டியார் வீட்டுச் சுவர் மாதிரி வழவழன்னு இல்லையேடா."

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். அம்மா சொன்னதில்தான் எனக்கு இந்தக் கதை முழுசாகப் புரிந்தது. ராஜஸ்தானில் நடந்ததேதான் நம் ஊரிலும் நடந்தது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கடல் கடந்த வட்டித் தொழிலில் வந்தவை. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம், கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் வசம் போயிருந்தது. அந்த வழவழப்பில் பர்மிய விவசாயியின் கண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது. 1942ல் ஜப்பான் படை வந்தது, பிறகு நிலங்களை பர்மா அரசு எடுத்துக்கொண்டது. ஊற்று வற்றியது, வீடுகள் மட்டும் நின்றன.

எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு வீடு இருந்தது. பங்காளிகள் எட்டுத் திசையில். நான் கல்லூரியில் படித்த காலத்தில், லீவுக்கு வரும்போதெல்லாம் அதில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். முதலில் நிலைக்கதவு, பிறகு தூண்கள், பிறகு தரை ஓடு. கடைசியில் மனை மட்டும்தான். அதன் தூண்கள் யார் வீட்டு வரவேற்பறையில் நிற்கின்றனவோ! ஆனால் கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு 'விசாலம்' என்ற ஹோட்டலாகி இன்னும் நிற்கிறது.

அதனால் 'அரண்மனையை ஹோட்டல் ஆக்கிட்டாங்களே' என்று யாராவது அங்கலாய்த்தால் நான் சேர்ந்துகொள்வதில்லை. அன்று அரசாங்கம் கொடுத்த மன்னர் மானியத்தை இன்று நாம் அறை வாடகையாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கொடுப்பது நாம் என்பதால் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. நான் இப்போது முன்பதிவுக்கு முன் மூன்று விஷயம் பார்க்கிறேன். ஒன்று, கட்டடம் உண்மையிலேயே பழையதா? போன வருடம் கட்டி வளைவு வைத்த 'ஹவேலி'கள் நிறைய. இரண்டு, வாடகையில் கொஞ்சமாவது சுவருக்குப் போகிறதா? பழைய பகுதியைப் பூட்டிவிட்டுப் புதுக் கட்டடத்தில் அறை தருகிற இடம் எனக்கு வேண்டாம். மூன்று, ராஜாவைத் தவிர வேறு யாரைப் பற்றியாவது பேசுகிறார்களா? கல் சுமந்தவர், சமைத்தவர், உழுதவர் என்று யாராவது ஒருவர்.

நீம்ரானா போனால் ஊருக்குள் இருக்கும் படிக்கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். பல அடுக்கு ஆழம். பிள்ளைகளை எட்டிப் பார்க்க விடாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டை ராஜாவுக்குக் கட்டியது, கிணறு ஊருக்குக் கட்டியது. இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

அடுத்த பொங்கல் லீவுக்கு கானாடுகாத்தான் என்று முடிவாகியிருக்கிறது. காப்பிப் பிரச்சினையும் அங்கே தீர்ந்துவிடும் :-)