மனையியலின் அதிகாரமும் ஒரு டீச்சரின் மொழியும்

மனையியல் என்ற பேச்சை எடுத்தாலே தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். நியாயந்தான். பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவைத்து, அதற்கொரு சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்புகிற படிப்பு அது. இந்த விமர்சனத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் அதே படிப்பைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷம் ஊர் ஊராகப் போன ஒரு டீச்சரின் வாழ்க்கையில் இதை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நியூ மெக்ஸிகோவில் இன்றும் பிரியத்தோடு நினைக்கப்படுகிற ஃபாபியோலா கபேசா டி பாக்காவைத்தான் சொல்கிறேன். 1894இல் பிறந்து 1991இல் இறந்தவர். தொண்ணூற்றேழு வயது.

பிறந்தது லாஸ் வேகாஸ் பக்கத்தில். சூதாட்ட நகரம் இல்லை; நியூ மெக்ஸிகோவில் இருக்கிற அதே பெயர் கொண்ட சின்ன ஊர். 1848 உடன்படிக்கையோடு மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட பூமி அது. ஸ்பானிஷ் பேசும் விவசாயிகளுக்குப் பொதுவில் இருந்த மேய்ச்சல் நிலங்கள், வழக்கு, சர்வே, முள்வேலி என்று ஒவ்வொன்றாகக் கைமாறின. 1889-90இல் ‘வெள்ளைத் தொப்பிகள்’ என்று பெயர் வாங்கிய ஏழைகள் ராத்திரியில் குதிரையேறி வந்து அந்த வேலிகளை அறுத்துப்போட்டது இந்த லாஸ் வேகாஸ் வட்டாரத்தில்தான். ஃபாபியோலா வேலியறுத்தவர்கள் வீட்டுப் பெண் இல்லை. பண்ணை வீட்டுப் பெண். நாலு வயசில் தாய் போய்விட, பாட்டியிடம் வளர்ந்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் தேவைப்படும்.

1916இல் அப்பாவின் பண்ணைக்குச் சில மைல் தள்ளியிருந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போனார். பாடப்புத்தகம் இங்கிலீஷில், பிள்ளைகளில் பாதிப்பேர் ஸ்பானிஷ். கற்பித்தல் என்பது முதலில் மொழிப் பிரச்சினை என்பதை இந்த வகுப்பறைதான் அவருக்குக் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு மனையியலில் பட்டம் வாங்கி, 1929இல் வேளாண் விரிவாக்கத் துறையின் பணியாளரானார். 1914 சட்டத்தின் வழியாக அமெரிக்க அரசு உண்டாக்கிய ஏற்பாடு இது. ஆண் அலுவலர் வயலுக்குப் போவார், பெண் அலுவலர் சமையற்கட்டுக்குப் போவார். அரசு வீட்டுக்குள் நுழைய ஒரு பெண் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதே 1929இல் கலிஃபோர்னியாவில் பெர்ல் எல்லிஸ் என்ற அம்மையாரின் புத்தகம் ஒன்று வெளிவந்தது. இல்லப் பராமரிப்பின் வழியாக மெக்ஸிகப் பெண்களை அமெரிக்கர்களாக்குவது எப்படி என்பது அதன் பொருள். மெக்ஸிகப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டில் போஷாக்கு போதவில்லையென்றால் அவன் அடுத்தவன் சாப்பாட்டைத் திருடுவான், அங்கிருந்து குற்றவாளியாவான் என்கிற அளவுக்கு அது போகிறது. சோள டார்ட்டியாவை எடுத்துவிட்டு ரொட்டியை வை, அவரையை எடுத்துவிட்டுக் கீரையை வை என்பது அன்றைய அமெரிக்கமயமாக்கல் வகுப்புகளின் பொதுவான உபதேசம். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடம்பின் மீது அறிவு அதிகாரம் செலுத்துகிற காரியம் இவ்வளவு பச்சையாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

ஃபாபியோலா இதே துறையின் சம்பளக்காரர்தான். ஆனால் போன இடத்தில் ஸ்பானிஷில் பேசினார். பியூப்லோ பழங்குடிகளின் ஊர்களுக்குப் போனபோது அவர்களுடைய டேவா மொழியைக் கற்றுக்கொண்டார். 1932இல் அவர் போன காரை ரயில் மோதி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு திரும்ப வேலைக்கு வந்தார். 1934இல் உணவும் அதன் தயாரிப்பும் பற்றி, 1935இல் பதப்படுத்தல் பற்றி என்று இரண்டு பிரசுரங்கள் ஸ்பானிஷில் எழுதினார். பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் சேர்ந்து அடித்த வருஷங்கள் அவை. அரசாங்கக் காகிதம் தன் பாஷையில் வந்து சமையற்கட்டில் உட்காருவது என்றால் என்ன என்பது, மொழிக்காகச் சண்டை போட்ட நமக்குத் தெரியாததா?

பதப்படுத்தல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அந்தப் பெண்கள் காலங்காலமாகக் காயவைத்தவர்கள். மிளகாயைச் சரம் கோத்துச் சுவரில் தொங்கவிடுவது, பூசணியைக் கீறி வற்றல் போடுவது, இறைச்சியை நம்மூர் உப்புக்கண்டம் மாதிரி உலர்த்துவது. செலவு கிடையாது, வெயில் போதும். துறை கொண்டுவந்தது கண்ணாடி ஜாடியும் பிரஷர் குக்கரும். ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இறைச்சியிலும் அவரையிலும் பிழைத்துக் கிடக்கிற பாட்டுலிசக் கிருமியின் வித்துகளைக் கொல்ல 115 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக ஜாடியில் அடைப்பதென்றால் குக்கர் இல்லாமல் முடியாது; குக்கர் வாங்கக் காசு வேண்டும். வெயிலை நம்பியிருந்தவள் கடையை நம்ப வேண்டியதாயிற்று. இது முன்னேற்றமா, சந்தைக்குள் இழுத்துப்போடுவதா? இரண்டும்தான். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குப் பழமும் கறியும் கிடைத்தது என்பதைச் சித்தாந்தம் பேசி மறைக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மிளகாய்ச் சரம் இன்றைக்கும் அந்த ஊர்ச் சுவர்களில் தொங்குகிறது. டீச்சர் சொன்னதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பெண்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள்.

ஃபாபியோலா அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. 1930களில் விரிவாக்கத் துறைக்காக அவர் தொகுத்த பழைய சமையல் முறைகள் பல பதிப்பு கண்டன. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைப்பது, மிளகாயை அரைத்துக் குழம்பாக்குவது எல்லாம் அதில் உண்டு. சுண்ணாம்பு சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசினை விடுவிக்கிறது, கால்சியத்தையும் சேர்க்கிறது. எல்லிஸ் வகையறா இளப்பமாகப் பார்த்த டார்ட்டியாவின் ரகசியம் இதுதான். ஆனால் கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு என்று இருந்ததெல்லாம் கரண்டிக் கணக்காகி அச்சில் ஏறியது. கையளவின் சொந்தக்காரிகள் பெயர் அட்டையில் இல்லை. தொகுத்தவர் பெயர் இருக்கிறது.

1954இல் வந்த அவருடைய நினைவுநூலின் தலைப்பு, 1918 வறட்சியில் மாடுகளுக்குக் கள்ளிச்செடியைத் தின்னக் கொடுத்த சம்பவத்திலிருந்து வருகிறது. பண்ணைக் காலத்தை ஏங்கி எழுதுகிறார் என்று பின்னால் வந்த சிக்கானோ விமர்சகர்கள் குற்றம் சொன்னார்கள். சரியான குற்றச்சாட்டு. முதலாளி வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கூலிக்காரனும் விசுவாசியாகத்தான் தெரிவான். ஆனாலும் அந்த நூலில் சமவெளியின் பழங்கதைகளை நெருப்பு மூட்டி உட்கார்ந்து சொல்கிறவர் யார் தெரியுமா? பண்ணையின் சமையற்காரர், எல் குவாத்தே. வரலாற்றைச் சொல்லும் வாய் சமையற்காரனுடையது என்று ஒரு மனையியல் டீச்சர் எழுதியதை அந்த விமர்சகர்கள் இன்னும் கொஞ்சம் நின்று வாசித்திருக்கலாம்.

1951 வாக்கில் யுனெஸ்கோ அவரை மெக்ஸிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைக்கு அனுப்பியது, புரேபெச்சா மக்களிடையே மனையியல் பணி தொடங்க. அடுத்த வருஷம் அக்டோபர் 2இல் இந்தியாவில் சமுதாய வளர்ச்சித் திட்டம், அமெரிக்கப் பணமும் ஆலோசனையும் பின்னால் நிற்க, ஆரம்பமாகிறது. வளர்ச்சித் திட்டங்களோடு நம் கிராமங்களுக்கும் கிராம சேவிகாக்கள் வந்தார்கள். பாலூட்டுவது, புகையில்லா அடுப்பு, காய்கறித் தோட்டம் என்று நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்த அந்தப் பெண்கள் எந்தத் தெருவுக்குள் போனார்கள், எந்தத் தெருவின் முனையோடு திரும்பினார்கள், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்பதை நம்மில் யாராவது எழுத வேண்டும். அவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள்.