வழுவழுப்பு

மட்டக்களப்பில் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ இறங்குபவர் சுவரைத் தொட்டதும், ‘உள்ளுக்கு வழுக்குது’ என்பார். பாசி என்று சொல்வோரும் உண்டு. அது பொருந்தாது. பாசி, பச்சை, பசுமை மூன்றும் ஓரடியில் பிறந்தவை. வெளிச்சம் பட்டால்தான் பாசி வளரும். மூடிய தாங்கியின் இருட்டில் ஒட்டியிருப்பது பக்டீரியாக் கூட்டம். நூல்கள் அதை உயிர்ப்படலம் என்கின்றன. எனக்கு வழுவழுப்பே போதும்.

அடிச்சொல் வழு. வழுக்கல், வழுவுதல் எல்லாம் அதன் கிளைகள். இலக்கணக்காரருக்கு வழு என்றால் பிழை. கால் தவறுவதும் சொல் தவறுவதும் ஒரே வேர்தான்.

ஒட்டிய பக்டீரியா, சர்க்கரையும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். குளோரின் மேற்படையோடு மோதியே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை தப்பிவிடும். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, மட்டக்களப்பு வாவி கடந்து நகருக்கு வருகிறது. நம்மூர் வெக்கையில் வழியெல்லாம் குளோரின் குறையும். குழாய்வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாங்கியில் நாட்கணக்கில் தேங்கினால் அதுவும் போய்விடும்.

ஆகவே முதலில் பிரஷ். தேய்த்து, அழுக்கு நீரை வெளியேற்றி, பிறகே குளோரின். தேய்க்காமல் குளோரின் தூளைக் கொட்டுவது காசைக் கரைப்பதுதான். இதே வழுவழுப்பு பிடிக்கும் தெருக் குழாயின் மூடிய முனைகளுக்குள் கை நுழையாது. அங்கே வால்வைத் திறந்து, நீரை வேகமாகப் பாய்ச்சி அலசிவிட வேண்டும்.