பானைக்குள் பானை குளிர்கலன்

பானைக்குள் பானை குளிர்கலன் என்பது மின்சாரமின்றிக் காய்கறிகளைக் கெடாமல் காக்கும் மட்கலம் ஆகும். பெரிய மட்பானையினுள் சிறிய பானை வைக்கப்பட்டு, இடைவெளி ஈரமணலால் நிரப்பப்படும். வாய் ஈரத்துணியால் மூடப்படும். மணலிலுள்ள நீர் வெளிப்பானையின் நுண்துளைகள் வழியே ஆவியாகும்போது உட்பானையின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளிருக்கும் பொருள் குளிர்கிறது.

வரலாறு

வடநைசீரியாவில் குயவர் குடும்பத்தில் பிறந்த ஆசிரியரான முகம்மது பா அப்பா, மின்வசதியற்ற சிற்றூர் உழவர்களுக்காக 1990களில் இதனை வடிவமைத்தார். இதற்காக 2000 ஆம் ஆண்டில் ரோலெக்சு விருது பெற்றார். அவரது சோதனைகளில் கத்தரிக்காய் 27 நாட்கள் வரை கெடாதிருந்தது. இதனால், விளைபொருள் அழுகிவிடும் என்று அஞ்சிக் கிடைத்த விலைக்கு விற்கவேண்டிய நிலை உழவர்களுக்குக் குறைந்தது.

குறைபாடுகள்

மணலுக்கு நாள்தோறும் நீர் ஊற்றவேண்டும். வறண்ட காற்றில் நன்கு இயங்கும் இக்கலன், ஈரப்பதம் மிகுந்த இடங்களில் அதிகம் குளிர்விப்பதில்லை.