பறவைகளும் எல்லைக்கோடும்

வடசேரிச் சந்தைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் சாலிம் அலியின் 'பேர்ட்ஸ் ஆஃப் கேரளா' (1969) கிடைத்தது. "அது கேரளாக்காரனுக்க புஸ்தகம்லா, ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர். விற்கிறவர் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டு வந்தேன். கேள்வி எவ்வளவு சரியானது என்பது பிறகுதான் உறைத்தது.

இந்நூலின் மூலம் ஒரு பத்திரிகைத் தொடர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883இல் எட்டுப்பேர் தொடங்கினார்கள். அவர்களில் இந்தியர் இரண்டே பேர். 1886இலிருந்து அதன் ஜர்னல் வெளிவந்தது. வெள்ளை அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் தாம் சுட்டதையும் பிடித்ததையும் எழுதியனுப்ப, 'இந்தியா' என்கிற நிலப்பரப்பு அதன் பக்கங்களில் ஓர் உயிரினப் பட்டியலாகக் கட்டமைக்கப்பட்டது. தேசத்தைக் கற்பித்துக்கொள்வதில் வரைபடமும் சென்சஸும் செய்த வேலையில் ஒரு பங்கை இந்த ஜர்னலும் செய்தது என்பேன். (அமெரிக்காவின் நேஷனல் ஜியாகிரபிக் இதற்கு இரண்டு வருஷம் இளையது. தன் பழைய பக்கங்களிலிருந்த இனவாதத்தை அது 2018இல் தானே ஒப்புக்கொண்டது. நம்முடைய பத்திரிகைகளை அப்படி யாரும் திருப்பிப் படித்ததாகத் தெரியவில்லை.)

1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க சாலிம் அலி வந்தார். நம்ம ஆரல்வாய்மொழியும் அந்தப் பயணத்தில் உண்டு. அன்றைய முறைப்படி பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினால்தான் அது அறிவு. ஹ்யூ விஸ்லரின் குறிப்புகளோடு முடிவுகள் 1935 முதல் ஜர்னலில் தொடராக வந்தன. 1953இல் திருவிதாங்கூர், கொச்சி என்ற பெயர்களோடே புத்தகமாயின.

இடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மொழியையும் நெல்லையும் பேசி மண்ணை மீட்டோம். அந்த மண்ணின் குளமும் மலையும் பறவையும் நம் அரசியல் சொல்லாடலுக்குள் வரவேயில்லை. 1969இல் அதே புத்தகம் மறுபதிப்பானபோது அட்டையில் 'கேரளா' ஏறியது. சமஸ்தானப் பெயர் அழிந்த இடத்தில் மாநிலப் பெயர் உட்கார்ந்துகொண்டது. இதில் சாலிம் அலியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கோரிக்கை வைக்காதவர்கள் நாம்தான்.

அசம்பு மலையின் பெயரை ஆங்கிலத்தில் சுமந்து திரிகிற சிரிப்பான் குருவி ஒன்றுண்டு. பிளான்ஃபோர்டு 1880இல் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கேதான் வாழ்கிறது, எல்லைக்கு இரண்டு பக்கமும். அது எந்த மாநிலத்துப் பறவை என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்யும்.

தமிழில் இந்த வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. ச. முகமது அலியின் 'காட்டுயிர்' பத்திரிகையின் பெயரே ஒரு விவாதம். 'வனவிலங்கு' என்றால் புலியும் யானையும்தான். பூச்சியும் புல்லும் வெளியே நிற்கும். சொல்லை மாற்றாமல் பார்வையை மாற்ற முடியாதென்று தெரிந்தவர் வைத்த பெயர் அது. சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறின. கவிமணி பிறந்த ஊர் என்பதற்காகத் தேரூர் போகிற நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் குளத்தங்கரையில் நின்றிருப்பார்கள்?

வாங்கி வந்த புத்தகத்தின் ஓரங்களில், முன்பு வைத்திருந்த யாரோ பென்சிலால் தமிழ்ப் பெயர்கள் எழுதியிருக்கிறார்: செம்போத்து, நாமக்கோழி, நீர்க்காகம். பாதிப் புத்தகத்துக்குமேல் எழுத்து இல்லை. மீதியை எழுதலாமென்று உட்கார்ந்தேன். பக்கத்துக்கு இரண்டு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.