1892: நிலம் ஓரிடம், பாடம் வேறிடம்



இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவு என்றதும் கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உழவு கற்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஐயா, எந்தக் கூட்டத்திலும் நிலத்தைத் தொடாமல் பேச்சை முடித்ததில்லை. மூத்த தோழர்கள் அதை அறிவீர்கள். எனக்கு அந்த அனுமதி போதும்.

என் தாத்தாவிடம் ஒன்றேகால் ஏக்கர் டி.சி. நிலம் இருந்தது. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுப்புஞ்சை. ஊரிலேயே நேராக ஏர் ஓட்டுகிறவர் அவர்தான் என்று ஆண்டைகளே சொல்வார்களாம். நாற்று விடுவது, பரம்படிப்பது, மடை திருப்புவது எல்லாம் அவர் கை பட்டால்தான் சரியாக வரும். ஆனால் சொந்த நிலத்தில் இரண்டு வருடம் கேழ்வரகு விதைத்தார். இரண்டும் காய்ந்தது. மூன்றாம் வருடம் மறுபடியும் கூலிக்குப் போய்விட்டார். சிறுவயதில் இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கு விவசாயம் தெரியாதுடா" என்றார். ஊருக்கே விவசாயம் செய்த மனிதருக்கு விவசாயம் தெரியாதா? அந்த வாக்கியம் எனக்குப் புரிய முப்பது வருடங்கள் ஆயின. அது புரிய உதவிய வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். அதில் பாதி செங்கல்பட்டில் நடந்தது. மறுபாதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் ஆண்டு 1892.

செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியர் திரமென்ஹீர் 1891 அக்டோபரில் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடிசை போட்ட இடம்கூட மிராசுதாருக்குச் சொந்தம், வாய் திறந்தால் வெளியேற்றம்; கடனுக்காகப் படியாளாகக் கட்டுண்ட குடும்பம் தலைமுறைக்கும் மீள முடியாது; தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. இவையெல்லாம் அதில் இருந்தன. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் அதுதான். பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

அந்த ஆணையை நாம் உரிமை ஆவணமாகவே படித்திருக்கிறோம். சரிதான். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டு இறந்த பிறகு வேறு எப்படிப் படிக்க முடியும்? ஆனால் ஓர் உழவன் அதைப் படித்தால் வேறு கேள்வி கேட்பான். கொடுத்தது பெரும்பாலும் யாரும் தொடாத தரிசு. மாடு யார் கொடுப்பது? கிணறு யார் வெட்டுவது? முதல் அறுவடை வரை குடும்பம் எதைத் தின்பது? இந்த மண்ணில் எது விளையும் என்று யார் சொல்வது?

சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்தது. சைதாப்பேட்டையில் 1860களிலேயே அரசு மாதிரிப் பண்ணை அமைத்திருந்தது. வேளாண் பள்ளியும் அங்கேயே தொடங்கியது. 1906இல் கோவைக்கு இடம் மாறிப் பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அதுதான். அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தது தெரியுமா? அதே சைதாப்பேட்டையில். நிலம் வழங்கச் சொன்ன அலுவலகமும் உழவு சொல்லிக்கொடுத்த பள்ளியும் ஒரே ஊரில் இருந்தன. அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அரசு வேலை தேடிய மேல்சாதிப் பிள்ளைகள். சேரிக்குப் பட்டா போனது, பாடம் போகவில்லை.

இப்போது அலபாமா. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் டஸ்கீகியில் பள்ளி தொடங்கினார். பழைய தோட்டமொன்றின் 100 ஏக்கரை 500 டாலருக்கு வாங்கி, மாணவர்களையே செங்கல் அறுக்கவைத்துக் கட்டிய பள்ளி. 1892 பிப்ரவரியில் அவர் சுற்றுவட்டாரக் கறுப்பின உழவர்களைக் கூட்டினார். அழைத்தது 75 பேரை. வந்தவர்கள் ஏறக்குறைய 400. அங்கே நிபுணர் யாரும் உரை நிகழ்த்தவில்லை. "உங்கள் நிலைமையை நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். எத்தனை பேருக்குச் சொந்த நிலம், எத்தனை பேர் வாரத்துக்கு உழுகிறார்கள், யாருடைய பயிர் விதைக்கும் முன்பே அடமானத்தில் இருக்கிறது, எத்தனை குடும்பம் ஒற்றை அறையில் வசிக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். இந்தக் கூட்டம் ஆண்டுதோறும் நடந்தது. விவசாயப் பயிற்சி என்பது உழவனின் கடன் கணக்கைக் கேட்பதில் தொடங்கியது என்பதை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கே வந்து சேர்ந்தார். அவரும் அடிமைத்தனத்தில் பிறந்தவர். வேர்க்கடலைக்காரர் என்று பள்ளிப் புத்தகங்கள் அவரைச் சுருக்கிவிட்டன. அவர் செய்த பெரிய காரியம் வேறு. பருத்தி தின்று தீர்த்த மண் அது. நிலக்காரர் வாசற்படி வரை பருத்தி போடச் சொல்வார். வாரக்காரன் கடைக்காரரிடம் கடனுக்கு மாவும் பன்றிக்கறியும் வாங்கித் தின்பான். உரம் வாங்கக் காசு கிடையாது. ஆகவே கார்வர் காசு கேட்காத வழிகளைத் தேடினார். காட்டுச் சருகும் சதுப்புநிலச் சேறும் மக்கவைத்து எரு. தட்டைப்பயறு, வேர்க்கடலை போட்டு மண்ணில் தழைச்சத்து சேர்ப்பது. பன்றிக்குத் தீனியாகக் காட்டில் கிடக்கும் ஓக் கொட்டை. 1898இல் வந்த அவருடைய முதல் துண்டு வெளியீடே அதைப் பற்றியதுதான். தேய்ந்த மண்ணை மீட்பது எப்படி என்று 1905இல் தனியாக ஒன்று எழுதினார். 44 வெளியீடுகள் வந்தன. எளிய மொழி, சமையல் குறிப்பும் சேர்த்து. இன்று நம் ஊரில் நீடித்த வேளாண்மை, இயற்கை வழி என்று மேடையில் பேசுகிறவர்கள் மரபைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அந்த மரபில் சாணி சுமந்தது யார் என்று கேட்டால் மைக் கைமாறிவிடும். கார்வரின் வழி மரபுப் பெருமையிலிருந்து பிறந்ததல்ல, கையில் காசில்லாதவனின் கணக்கிலிருந்து பிறந்தது.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வெளியீடு என்ன பயன்? பள்ளிக்கு வரவும் அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே 1906இல் பள்ளி ஒரு வண்டியைக் கட்டியது. நியூயார்க் வங்கியாளர் மோரிஸ் ஜெசப் பணம் தந்ததால் அது ஜெசப் வண்டி. கலப்பை, விதை, வெண்ணெய் எடுக்கும் கருவி ஆகியவற்றோடு கிராமம் கிராமமாகப் போனது. அந்த ஆண்டே தாமஸ் கேம்ப்பெல் அதன் பொறுப்பாளராக, அரசு நியமித்த முதல் கறுப்பின வேளாண் செயல்விளக்க அலுவலராக ஆனார். வண்டி ஓர் உழவனின் நிலத்தில் நிற்கும், அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், அவன் நிலத்திலேயே, அவன் மாட்டைக் கொண்டே செய்து காட்டுவார்கள். பிற்காலத்தில் மோட்டார் வண்டி வந்தது. அதில் ஒரு செவிலியரும் போனார்.

இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லி முடித்தால் நான் பொய் சொன்னவனாவேன். வாஷிங்டன் 1895 அட்லாண்டா உரையில் தொழிற்கல்விக்காக அரசியல் உரிமையைத் தள்ளிவைக்கச் சம்மதித்தார். டுபாய்ஸ் 1903இல் அதைக் கடுமையாக விமர்சித்தார். நானும் டுபாய்ஸ் பக்கம்தான். 1914இல் விரிவாக்கக் கல்விக்கென்று கூட்டாட்சி அரசு சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியபோது, தென்மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளின் கையில் விழுந்தது. வாக்கில்லாதவர்களால் தட்டிக்கேட்க முடியவில்லை. 1920இல் கறுப்பின உழவர்கள் நடத்திய பண்ணைகள் 9 லட்சத்துக்கும் மேல். 1997இல் அது 20 ஆயிரத்துக்கும் கீழே. கடன் மறுத்த அரசு அலுவலகங்கள், ஆவணமில்லாத வாரிசு நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்த வழக்குகள், வன்முறை, இடப்பெயர்வு. கார்வரின் பாடத்தில் பிழையில்லை. பாடம் படித்தவன் காலடியிலிருந்து நிலம் உருவப்பட்டது.

ஃபேனி லூ ஹேமர் இதைத் தன் உடம்பால் அறிந்தவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்றதற்காக, பதினெட்டு வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். 1969இல் மிசிசிப்பியின் சன்ஃபிளவர் மாவட்டத்தில் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி, அவரை வகைகளோடு ஒரு பன்றி வங்கி. சினைப்பன்றியை வாங்கும் குடும்பம் குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்காகத் திருப்பித் தர வேண்டும். பன்றி வளர்ப்பை வைத்தே நம்மை இழிவுசெய்யும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பண்ணை பணமின்றி நிலத்தை இழந்தது. ஆனால் வாக்கு, நிலம், உணவு, கற்றல் நான்கையும் ஒரே வேலியில் கட்டிய முயற்சி அது.

அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி எழுதிய கட்டுரையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நிலம் சிறியது என்பதே நோய் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். ஏக்கர் கணக்கை மட்டும் பார்க்காதே, அந்த நிலத்தோடு சேர வேண்டிய மாடும் கருவியும் முதலும் எவ்வளவு இருக்கின்றன என்று பார் என்றார் அவர். தாத்தாவின் ஒன்றேகால் ஏக்கர் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அவருக்குக் கை வேலை முழுவதும் தெரியும். ஆனால் எதை எப்போது விதைப்பது, எந்த விதையை நிறுத்திவைப்பது, யாரிடம் விற்பது, தண்ணீர் முறைக்கு யாரிடம் வாதாடுவது, கிஸ்தி ரசீதை எங்கே பத்திரப்படுத்துவது என்று முடிவெடுக்கும் வேலையை ஒருநாளும் அவரிடம் விட்டதில்லை. நஞ்சையில் பழகிய கையை மேட்டுப்புஞ்சையில் தனியாக நிறுத்தினார்கள். அப்பா சொன்ன "தெரியாது" அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் காலனிப் பெண்கள் மூன்று பேர் அறுபது சென்ட் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். முறையாகக் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அருகிலிருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன். படிவத்தில் பட்டா எண், சர்வே எண் கேட்டிருந்தது. குத்தகை என்றோம். எழுத்து இருக்கிறதா என்றார்கள். இல்லை. "அப்படியானால் இவர்கள் விவசாயி இல்லையே, கூலித்தொழிலாளர் பட்டியலில் வேறு பயிற்சி வரும்போது சொல்கிறோம்" என்றார்கள், மரியாதையாகவே. திரும்பி வரும் வழியில் மூவரில் மூத்தவர், "தம்பி, நாமளே ஒரு வண்டி கட்டிக்கலாமா?" என்று கேட்டார். ஜெசப் வண்டியைப் பற்றி அவருக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது மாதம் ஒருமுறை ஒருவர் நிலத்தில் கூடுகிறார்கள். சென்ற மாதம் பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருநாள் அதில் தாத்தாவின் சர்வே எண்ணை எழுதிப் பார்த்தேன். அந்த எண்ணில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது.